நாற்பது கூடு போதாது மகள்

மன்னார்
தவக்காலம் இரண்டாம் கிழமை, செவ்வாய்

அன்பு மகள் ஜெஸ்லியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் அந்த அவுஸ்திரேலியாக் குளிரிலோ வெயிலிலோ, அங்கே எப்போது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உடலும் மனமும் நன்றாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டுதான் பேனையைப் பிடிக்கிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழைக்கும் நேரம் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிடுகிறார், நான் வாய் திறக்க முன்பே மீன்வலைக் கதை தொடங்கிவிடும், நீயும் ஓம் அம்மா ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். எழுத்தில் இருந்தால் வாசித்துத்தானே ஆகவேண்டும். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வாட்சப்பில் போடுகிறேன், தாள் பிறகு தபாலில் வரும், ஏனென்றால் நான் சொல்லப்போவது இந்த மாதக் கடைசிக்கு முன்பு உன் கையில் இருக்கவேண்டும்.

முதலில் ஒரு கோபத்தைச் சொல்லி முடிக்கிறேன். போன கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், முதுகில் சின்னப் பெட்டி ஒட்டிய அந்த ஆமைக்கு ரோசி என்று பெயர் வைத்திருக்கிறாய். ரோசி நேற்று எத்தனை மைல் நீந்தினாள், மூச்செடுக்க எந்த இடத்தில் மேலே வந்தாள் என்பதெல்லாம் உன் கைத்தொலைபேசியில் தெரிகிறது. நான் மூன்று மாதமாக முழங்காலோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன், அது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லைதான். ரோசியும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே. அதோடு உன் பேராசிரியை ஹெலன் உன் பிறந்தநாளுக்குக் கேக் செய்து தந்து, நீ தனக்கு ஒரு மகள் மாதிரி என்று சொன்னாராம். நல்லது, சந்தோஷம். மகள் மாதிரிதான், மகள் இல்லை என்று அவருக்கு ஒருமுறை மெதுவாகச் சொல்லிவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மீனவர் சங்க மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன், உனக்குத் தெரியாது, கடைசி வரிசையில் இருந்தேன். உன் பட்டமளிப்புக்கு உடுத்த ஊதாச் சீலையைத்தான் உடுத்தேன். எங்கள் இரண்டு பக்கத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நீ, கோயிலில் வாசகம் வாசிக்க ஏறிப் பாதியில் அழுதுகொண்டு இறங்கிய பிள்ளை, அன்றைக்கு அவுஸ்திரேலியாவில் இருந்தபடியே, சுவர் முழுக்க அடித்த வெளிச்சத்தில் எங்கள் ஊர் ஆட்கள் நூறு பேருக்கு முன்னால் பேசினாய். கண்ணை நேரே வைக்காமல் மூலையைப் பார்த்துத்தான் பேசினாய், ஆனாலும் குரல் நடுங்கவில்லை. பங்குனி ஆமை அழிந்துபோகாமல் மீட்கிற திட்டத்துக்கு ஒரு இலக்கு வேண்டும், இந்தக் கரையில் ஒரு வருடத்துக்கு நாற்பது கூடு என்று மூன்று வருடம் தொடர்ந்து இருந்தால் அது மீண்டுவிட்டது என்று எழுதலாம், அதற்குப் பிறகு கரைக்காவலும் வேண்டாம், அந்த மாதங்களில் கரையோரம் வலை போடக்கூடாது என்ற தடையும் வேண்டாம் என்றாய். போன வருடம் முப்பத்துமூன்று கூடு எண்ணியிருக்கிறார்கள், ஆகவே நாற்பது எட்டக்கூடியதுதான் என்றாய். பழைய காலத்து எண்ணிக்கை யாரிடமாவது இருந்தால் மாதக் கடைசிக்குள் தாருங்கள் என்றும் கேட்டாய். கேட்டுவிட்டு, இந்தக் கரையின் நினைவை எங்களுக்குத் தந்த அப்துல் றசாக் மாமாவுக்கு நன்றி என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். எனக்கு முன்னால் இருந்தவள் திரும்பி, உங்கடை மகளல்லோ அக்கா, என்ன வடிவாக் கதைக்கிறா, நீங்கள் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லையோ என்று கேட்டாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எரிந்தது மகள். வேறு சொல் தேடாமல் சொல்கிறேன், பொறாமைதான். றசாக் நல்ல மனிதர், அப்பாவோடு ஒரே துறையில் தொழில் செய்கிறவர், நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர் இங்கே இல்லை, அதனால்தான் உனக்கு அவரைப் புதிதாகத் தெரிகிறது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆட்களை எல்லாம் உடுத்த உடுப்போடு மன்னாரை விட்டு அனுப்பினார்கள், அது அவர் செய்த குற்றமில்லை, அனுப்பியவர்களுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு முன்பும் அவருக்குக் கடல் தெரியுமே தவிர, கூடு தெரியாது, அவர்கள் மார்க்கத்தில் ஆமையும் ஆமை முட்டையும் தொடமாட்டார்கள். தொடாத ஒன்றை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? ஆனால் இந்தக் கரையின் நினைவு அவருடையதாகிவிட்டது, நான் கடைசி வரிசையில் தேத்தண்ணி குடிக்கிறேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவரும் ஹவ்வா உம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள், நோன்புக் கஞ்சி கொண்டு. தவக்காலத்தில் நான் இறைச்சி தொடமாட்டேன் என்பது அந்தப் பெண்ணுக்கு நினைவிருந்து எனக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியிருந்தார். கஞ்சி நன்றாகவே இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். நான் முகத்தை ஒரு மாதிரி வைத்திருந்தது றசாக்குக்கு விளங்கியிருக்கவேண்டும். அவர் வாசலில் நின்றபடியே, தங்கச்சி, நான் பிள்ளைட்ட அப்பவே சொன்ன நான், எனக்கு ரெண்டாயிரத்துப் பத்துக்குப் பொறகு உள்ளதுதான் தெரியும், பழைய கதையை உங்கட உம்மாட்ட கேளுங்க மகள் எண்டு, பிள்ளை வேற கதைக்குப் போயிட்டா என்றார். அவர் போன பிறகு நான் கோப்பையைக் கழுவாமல் குசினிக்குள் நெடுநேரம் நின்றேன். அதுவரை நீ என்னை நினைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தும் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஆமைப் படம் காட்டினார்கள், அன்று இரவுச் சாப்பாட்டில் நான் விளையாட்டாக, ஆமை முட்டையை எவ்வளவு நேரம் அவித்தாலும் வெள்ளை உறையாது, மஞ்சள் மட்டும்தான் இறுகும் என்று சொல்லிவிட்டேன். நீ கோப்பையைத் தள்ளிவிட்டு, அம்மா உங்களுக்கு வெக்கமா இல்லையோ, இனிமேல் இந்தக் கதையை ஆருக்கும் சொல்லாதேங்கோ, எங்கடை வீட்டிலை இந்தக் கதையே வேண்டாம் என்று கத்தினாய். கண்ணெல்லாம் தண்ணீர். சரி பிள்ளை என்றேன். அன்றிலிருந்து பதினைந்து வருடம், நீ ஆமை படிக்கப் போனபோதும், ஆமைக்காக விமானம் ஏறியபோதும், ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. நீ பூட்டிய கதவு அது. பூட்டிவிட்டு நீயே அடுத்த வீட்டில் போய்த் தட்டியிருக்கிறாய்.

இப்போது நானே திறக்கிறேன், கேள். எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து தொண்ணூறு வரை நானும் உன் பெரியம்மா யசிந்தாவும் விடிய வெளிச்சம் வரும் நேரம் கரைக்குப் போவோம். பழைய சிலுவைக் கம்பத்திலிருந்து தாழங்காடு வரை எங்கள் பக்கம், நடந்தால் அரை மணித்தியாலம், அதற்கு அப்பால் வேறு வீட்டு ஆட்களின் பக்கம். ஆமை இரவில் ஏறி முட்டையிட்டுப் போன தடம் காலையில் அப்படியே கிடக்கும். பேராமையின் தடம் உழவு இயந்திரம் போனதுபோல் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும், பங்குனி ஆமையினுடையது அகலம் குறைவு, இடமும் வலமுமாக மாறி மாறி விழுந்திருக்கும். தடம் முடிகிற இடத்தில் மெல்லிய கம்பியை இறக்கி, இழுத்து, முனையை மணந்து பார்ப்போம். பிறகு கையால் தோண்டுவோம். ஒரு கூட்டில் நூறு முட்டை, கூடினால் நூற்றிருபது. பாதியை விட்டுவைத்தோம் என்று பொய் சொல்லமாட்டேன், ஒன்றும் விட்டதில்லை.

எத்தனை கூடு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், ஹெலனும் கேட்பார். ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் கண்டிப்பானவர். ஆமை முட்டை எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கு, எடுத்தால் களவு, களவைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லவேண்டும், சொல்லும்போது எத்தனை தரம் என்றும் சொல்லவேண்டும், குத்துமதிப்பாகச் சொன்னால் பாதிப் பாவம் உள்ளுக்கே கிடக்கும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நாங்கள் முட்டை எடுப்பதை விட்டிருக்கவேண்டும். விடவில்லை, எண்ணத் தொடங்கினோம். ஒரு வெற்று ஹோர்லிக்ஸ் போத்தலில் கூடு ஒன்றுக்குக் கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பி ஒன்று போடுவோம். பேராமைக் கூடு வருடத்தில் இரண்டு மூன்றுதான் இருக்கும், அதற்குப் பெரிய சங்கு ஒன்று, நான் இங்கே தருகிற எண்ணிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை போத்தலைக் கவிழ்த்து எண்ணுவோம். முதல் வருடம் எனக்குப் பதின்மூன்று வயது, முட்டைக்கணக்கைச் சொல்லவேண்டுமோ என்று பயந்து அழுதேன். பெரியம்மா, கூட்டுக்கணக்கைச் சொல்லடி விசரி, முட்டைக்கணக்குச் சொன்னியெண்டால் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் முழங்காலிலைதான் நிப்பாய் என்றாள். நான் போய், சாமி, ஆமை முட்டை களவெடுத்தனான், எழுபத்தொரு தரம் என்றேன். உள்ளே இருந்த வயதான சுவாமி, எழுபத்தொரு முட்டையோ பிள்ளை என்றார். இல்லைச் சாமி, எழுபத்தொரு கூடு என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கம்பித்தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. செபமாலையில் ஐம்பத்துமூன்று மணிச் செபம் அபராதம் தந்தார். அடுத்த வருடமும் போய் நின்றேன். சாப்பிட்ட முட்டையை மறந்துவிடலாம் மகள், கம்பித்தட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று சொன்ன எண்ணிக்கை மறக்காது.

எண்பத்தாறில் எழுபத்தொன்று. எண்பத்தேழில் எண்பத்துமூன்று. எண்பத்தெட்டில் அறுபத்தாறு. எண்பத்தொன்பதில் ஐம்பத்தெட்டு. தொண்ணூறில் நாற்பத்தொன்பது. அதற்குப் பிறகு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டோம், திரும்பி வந்தபோது கரையில் கடற்படை இருந்தது, யாரும் அந்தப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. ஆகவே அந்த இடைப்பட்ட காலத்துக்கு என்னிடமும் ஒன்றுமில்லை, றசாக்கிடமும் இல்லை, ஆமைகளைத்தான் கேட்கவேண்டும்.

என் ஒருத்தியின் சொல்லை நம்பமாட்டீர்கள் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வவுனியாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அழைத்தேன். நான் சொல்லாமல் அவளையே முதலில் சொல்லச் சொன்னேன். நான்கு வருடம் என்னுடையதோடு அச்சாகப் பொருந்தியது. எண்பத்தேழு மட்டும் அவள் எழுபத்திரண்டு என்றாள். நான் எண்பத்துமூன்று என்றேன், அவள் இல்லை என்றாள், அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் அவள் சிரிக்கத் தொடங்கி, எடியே, அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு இளம் சாமி வந்தவரல்லோ, வடிவான ஆள், அவரிட்டைப் போய் எண்பத்திமூண்டு எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு, பதினொண்டைக் குறைச்சுப்போட்டன் என்றாள். முப்பத்தெட்டு வருடம் கழித்து எனக்குச் சொல்கிறாள். இந்தத் தவக்காலத்தில் போய் அந்தப் பதினொன்றையும் சொல்லிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே எண்பத்துமூன்றுதான் சரி. இரண்டு பேரும் சேர்ந்து தோண்டிய கூட்டையே இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னோம், அதனால் அவளுடையதையும் என்னுடையதையும் கூட்டிவிடாதே.

இப்போது உன் நாற்பதைப் பார். இரண்டு பெட்டைகள் அரை மணித்தியாலக் கரையில் தோண்டியது அது, நீ சொல்கிறது முழுக் கரைக்கும். என் ஆகக் குறைந்த வருடத்தையும்விட உன் இலக்கு குறைவு. அந்த வரிசையைத் திரும்பவும் பார், எண்பத்துமூன்று, அறுபத்தாறு, ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அது எப்படிக் குறைந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, நீ படித்தவள். அந்த நேரம் எங்களுக்கு அது விளங்கவில்லை, பாவம் குறைகிறது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டோம். நோயாளி கட்டிலில் எழுந்து இருந்ததும் சுகம் வந்துவிட்டது என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, நாற்பதில் நீங்கள் காவலை எடுத்துவிட்டால் அந்த ஆமை எங்கே போய்ச் சொல்லும்?

இதை எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை. எடியே கொறற்றி, நாற்பதெண்டால் என்ரை காலத்திலையே அந்தத் தடையை எடுப்பாங்கள், நீ உன்ரை சோகிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனால் நான் சாகும்வரை மார்கழியிலையிருந்து சித்திரை வரைக்கும் கரையிலை குந்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்றார். பிறகு குரலைத் தணித்து, பிள்ளையின்ரை பேரையும் யோசி, ஆமை காக்கிறவளின்ரை தாய் ஆமைக்கூடு தோண்டினவள் எண்டு அங்கை ஆரும் சொன்னால் அவள் தாங்குவாளோ என்று கேட்டார். நேற்று முழுக்கப் பேனையைத் தொடவில்லை. நீ அன்றைக்குக் கோப்பையைத் தள்ளிய மாதிரி இந்தக் கடிதத்தையும் தள்ளிவிடுவாயோ என்ற பயம். உண்மையைச் சொன்னால், ஆமைக்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். உன் திட்டத்தில் றசாக்கின் பெயர் இருக்கும், ஹெலனின் பெயர் இருக்கும், ரோசியின் பெயர்கூட இருக்கும், என் பெயர் மட்டும் இருக்காது என்று நினைத்தபோதுதான் பேனையை எடுத்தேன். நல்ல காரணம் இல்லைதான், ஆனால் எண்ணிக்கை நல்ல எண்ணிக்கை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள் என்று பெயரை மறைத்து எழுதாதே. பெயர் இல்லாத பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்று நீயே ஒருநாள் சொன்னாய். என் பெயரை முழுதாகப் போடு. றசாக்குக்கு மேலே போடு என்று கேட்கத்தான் ஆசை, ஆனால் அவர் சொன்னதும் உண்மைதான், பக்கத்தில் போடு, அது போதும். பொலிஸ் வந்து கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இதற்கு மன்னிப்பு எப்போதோ கிடைத்துவிட்டது, செபமும் சொல்லி முடித்துவிட்டேன். உனக்கு வெட்கமாக இருந்தால் அதை எனக்குச் சொல்லு, என்னிடமே சொல்லு, ஹெலனிடம் சொல்லாதே.

அப்பா நேற்றுப் பின்னேரம் வலை பொத்திக்கொண்டு இருந்தவர், நான் கேட்காமலே, தாழங்காட்டுக்கு அங்காலை எங்கடை ஆக்கள் எடுத்தது உங்களுக்கு ஒண்டும் குறைவில்லை என்றார். எவ்வளவு என்று கேட்டேன். நீ எழுதாதே, அவளை என்னட்டைக் கேக்கச் சொல்லு என்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அதே வருத்தம்தான் போலிருக்கிறது. அடுத்த முறை அழைக்கும்போது வேறு எதையும் தட்டாமல், பேப்பரும் பேனையுமாக இருந்து அவரைக் கேள்.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடாதே, குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு போ, தலைமயிரை ஈரத்தோடு கட்டாதே. ஹெலனுக்கு என் அன்பைச் சொல்லு. ரோசிக்கும் சொல்லு, அவள் இந்தக் கரைக்கு ஏறுவாளானால் சிலுவைக் கம்பத்துக்கும் தாழங்காட்டுக்கும் இடையில் மண் இளக்கம், தோண்ட இலகு, நான் இனித் தோண்டமாட்டேன். மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. மாதக் கடைசி முப்பத்தொன்று என்பதை மறவாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
மரிய கொறற்றி
ஐந்து தவக்காலம், முந்நூற்று இருபத்தேழு கூடு